வயர் இல்லாத ஹெட்போன்: வெச்சிக்கலாமா, திருப்பிக் கொடுக்கலாமா?



நம்ம வகுப்பில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, "மச்சி, எந்த ஹெட்செட் வாங்கலாம்?" என்பதுதான். ஆளாளுக்கு ஒரு கம்பெனி பேர் சொல்வார்கள். ஏன் அது நல்லது என்று கேட்டால், "சவுண்டு செமயா இருக்கும்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நல்ல ஹெட்போன் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் அக்கா டிப்ளமா முடித்து வேலைக்குப் போய், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கினாள். காதுக்கு மேலே உட்காருமே, அந்த வகை. விலை கிட்டத்தட்ட 1,500 ரூபாய். எங்கள் வீட்டில் அது ஒரு மூட்டை அரிசியின் விலை. திருவொற்றியூரில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட் போய் வர அக்காவுக்கு தினமும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போகிறது. அந்த நேரத்தில் பாட ஆடியோ கேட்டு அடுத்த பரீட்சைக்குப் படிக்கலாம் என்பது அவள் திட்டம். கடையில் 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். "நீதான் சயின்ஸ் க்ரூப் ஆச்சே. நல்லா டெஸ்ட் பண்ணிச் சொல்லு, வெச்சிக்கலாமா வேணாமா" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள்.

நானும் 7 நாள் சோதித்தேன். (பள்ளிக்கு எடுத்து வரவில்லை சார்!) அந்தக் கம்பெனி பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். சோதிக்கும் முறை தெரிந்தால் எந்தக் கம்பெனியையும் நீங்களே எடை போடலாம்.

1. இது எந்த வகை?

ஹெட்போனில் மூன்று வகை உண்டு. காதுத் துளைக்குள் போவது ஒன்று. காதை முழுசாக மூடுவது இன்னொன்று. மூன்றாவது, காது மடலின் மேல் சும்மா உட்காருவது. நாம் பார்க்கப்போவது மூன்றாவது.

இது புது வகை இல்லை. 1979-இல் சோனி கம்பெனி வாக்மேன் விற்க ஆரம்பித்தபோது கூடவே வந்த பஞ்சு வைத்த ஹெட்போனும் இதே வகைதான். அந்தக் காலத்தில் நம்ம ஊரில் இதையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் பர்மா பஜாருக்குத்தான் போக வேண்டுமாம். பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்புக்காக 1969-இல் பாரிமுனை ராஜாஜி சாலையில் தொடங்கிய கடைகள் அவை. ஹார்பர் பக்கத்திலேயே இருப்பதால் வெளிநாட்டு டேப்ரெக்கார்டர், வாக்மேன் எல்லாம் அங்கேதான் கிடைக்கும் என்று அப்பா சொல்வார்.

இந்த வகையின் நன்மை: எடை குறைவு, விலை குறைவு, காதுத் துளை அடைபடாது. குறை: காதைச் சுற்றி இறுக்கமாக மூடாது. பஞ்சுக்கும் காதுக்கும் நடுவில் எப்போதும் இடைவெளி இருக்கும். வெளிச்சத்தம் அதன் வழியாக உள்ளே வந்துவிடும். இந்தக் குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் இதுதான் பிரச்சினை.

2. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

'40 மி.மீ. டிரைவர்': டிரைவர் என்றால் உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர். பெரிசா இருந்தா நல்லா இருக்கும் என்று சொல்ல முடியாது. சோனி டபிள்யூ.எச்.-சி.எச்.520 மாடலில் 30 மி.மீ., ஜே.பி.எல். ட்யூன் 510 மாடலில் 32 மி.மீ.தான். அளவை மட்டும் பார்த்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை': இது மனிதக் காதால் கேட்க முடிகிற எல்லை. அநேகமாக எல்லாப் பெட்டியிலும் இதே எண்தான் இருக்கும். எல்லா ஒலியும் ஒரே அளவில் கேட்குமா என்பதை இது சொல்லாது.

'ஈ.என்.சி.': இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஈ.என்.சி. என்பது மைக்குக்கு. நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் தெருச் சத்தம் கம்மியாகக் கேட்கும். உங்கள் காதுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. உங்கள் காதுக்கு வெளிச்சத்தத்தைக் குறைப்பது 'ஏ.என்.சி.'. அதில் ஒரு மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கும். அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உண்டாக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதளம் ஆவது மாதிரி இரண்டு அலையும் சேர்ந்து அடங்கும். (11-ஆம் வகுப்பு இயற்பியலில் குறுக்கீட்டு விளைவு படிக்கிறோமே, அதேதான்!) அக்கா வாங்கியதில் ஈ.என்.சி. மட்டுமே உண்டு.

பி.ஐ.எஸ். பதிவு: பெட்டியிலோ பொருளிலோ இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை 'பிஸ் கேர்' என்ற அரசு ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி என்று காட்டும். போலியைக் கண்டுபிடிக்க இது சுலபமான வழி.

3. வயர் இல்லாமல் பாட்டு எப்படி வருகிறது?

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்கிறது. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே அலைவரிசைக்காரர்கள்தான். இவ்வளவு கூட்டத்தில் எப்படி மோதாமல் போகிறது? பாட்டு கேட்கும் புளூடூத்தில் அந்த அலைவரிசை 79 சிறு பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. போனும் ஹெட்போனும் பேசி வைத்துக்கொண்டு நொடிக்கு 1,600 முறை பாதை மாறும். ஒரு பாதையில் நெரிசல் என்றால் அடுத்த பாதை. பேசின் பிரிட்ஜில் டிராபிக் என்றால் ஆட்டோக்காரர் சந்துக்குள் புகுந்து போவாரே, அந்த மாதிரி!

சி.டி.யில் இருக்கும் பாட்டுக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் தேவை. புளூடூத்தில் எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்.பி.சி. முறையில் சுமார் 328 கிலோபிட் வரைதான் வழக்கமாக அனுப்புகிறார்கள். அதனால் காது கவனிக்காத பகுதிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பும். இப்படிச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க நேரம் ஆகும். அதனால் சத்தம் ஒரு நொடியில் 5-இல் ஒரு பங்கு வரைகூடத் தாமதமாக வரலாம். பாட்டுக்குப் பரவாயில்லை. கேம் விளையாடுகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

★ உங்களுக்குத் தெரியுமா? ★
'புளூடூத்' என்பது 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால், வேறு வேறு கம்பெனிக் கருவிகளை இணைக்கும் இந்த முறைக்கு அவர் பேர் வைத்தார்கள். அதன் சின்னத்தில் இருப்பது அவர் பேரின் இரண்டு முதல் எழுத்துகள், பழைய ரூனிக் எழுத்தில்!

4. நான் செய்த சோதனைகள்

அ) போட்டுக்கொள்ளும் சோதனை. ஒரு மணி நேரம் தொடர்ந்து போட்டேன். 40 நிமிடத்துக்கு மேல் காது மடல் வலித்தது. கண்ணாடி போடும் நண்பனுக்கு 20 நிமிடத்திலேயே வலி. பஞ்சுக்கும் கண்ணாடிக் காம்புக்கும் நடுவில் காது மாட்டிக்கொள்கிறது. மே மாத வெயிலில் செயற்கைத் தோல் பஞ்சு வேர்வையில் நனைந்துவிடும். துடைத்து வைக்காவிட்டால் உரிந்து போகும். மதிப்பெண்: 10-க்கு 6.

ஆ) தூரச் சோதனை. போனை மொட்டை மாடி ஒரு மூலையில் வைத்துவிட்டு நடந்தேன். நேராகப் பார்வையில் இருக்கும்வரை 12 பெரிய அடி தாண்டியும் விடாமல் வந்தது. படிக்கட்டு இறங்கியதும் அறுந்தது. இன்னொரு விஷயம்: போன் பின் பாக்கெட்டில் இருந்தால் சில சமயம் விட்டு விட்டு வந்தது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். அதாவது சிக்னலுக்கு நாமே ஒரு சுவர்! மதிப்பெண்: 8.

இ) மைக் சோதனை. வீட்டில் பேசியபோது தெளிவு. கடற்கரை ஓரம் பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் நின்று பேசியபோது, "காத்து சத்தம்தான் கேக்குது" என்றாள் அக்கா. மைக் ஓடும்போது பாட்டும் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். இது புளூடூத்தின் பொதுவான குணம். மதிப்பெண்: 5.

ஈ) பேட்டரி சோதனை. பெட்டியில் 15 மணி நேரம் என்று இருந்தது. பாதி சத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் வந்தது. கம்பெனிகள் நடுத்தரச் சத்தத்தில் வைத்துத்தான் கணக்குச் சொல்வது வழக்கம். சத்தம் ஏற்றினால் நேரம் குறையும். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆன பிறகு மெல்ல பலம் இழக்கும். கெட்டுப்போனால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அது கொடுங்கையூர் மேட்டுக்குப் போய் நசுங்கித் தீப்பிடிக்கலாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மதிப்பெண்: 9.

உ) பாட்டுச் சோதனை. கானா, மெலடி, நாதஸ்வரம் மூன்றும் போட்டேன். கானாவில் தாளச் சத்தம் சும்மா அதிருது! ஆனால் அந்த அதிர்வில் பாடகர் குரல் கொஞ்சம் அமுங்கிப் போனது. நிறையப் பேர் இந்த அதிர்வைத்தான் 'சவுண்டு செம' என்கிறார்கள். வரி புரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மதிப்பெண்: 7.

இதுவரை கூட்டினால் 50-க்கு 35. பாஸ்! ஆனால் முக்கியமான சோதனை இனிமேல்தான்.

5. ஆறாவது சோதனை: நம்ம ஏரியா

ஹெட்போன் கடை அமைதியாக, ஏ.சி. போட்டு இருக்கும். நாம் அங்கேயா வாழ்கிறோம்? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, ராயபுரத்தில் ரயில், காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின், வீட்டுப் பக்கத்தில் பட்டறை. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. நம்ம ரோட்டோரத்தில் நின்றால் அந்த எல்லை எங்கே போனது என்றே தெரியாது.

அதனால் ஒரு சோதனை செய்தேன். ஒரே மாதிரி ஒலிக்கும் 20 சொற்களை அக்கா குரலில் போனில் பதிவு செய்தேன். காசு, காது, பச்சை, பத்தை, கட்டி, தட்டி இப்படி. ஹெட்போனில் கேட்டு எழுத வேண்டும். 18 சரியாக வரும்வரை சத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். போனில் மொத்தம் 15 படி. எத்தனையாவது படியில் பாஸ் ஆகிறது என்று குறித்தேன்:

வீட்டில், இரவு 10 மணி, ஃபேன் மட்டும் ஓடும்போது: 4-ஆம் படி
வீட்டில், காலையில் ஜன்னல் திறந்து: 6-ஆம் படி
மெட்ரோ ரயிலில், தேரடியில் இருந்து வண்ணாரப்பேட்டை வரை: 9-ஆம் படி
மாநகரப் பேருந்தில், ஜன்னல் ஓரம்: 12-ஆம் படி
பஸ் ஸ்டாப்பில், லாரி வரிசையாகப் போகும்போது: 13-ஆம் படியிலும் 16 சொல்தான் சரி

பார்த்தீர்களா? ஹெட்போன் அதே, போன் அதே, காது அதே. இடம் மாறினால் சத்தம் மூன்று மடங்கு படி ஏறுகிறது. இந்த வகை ஹெட்போனின் பஞ்சு மேல்ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் தடுக்கும். லாரி, பஸ் இன்ஜினின் அடித்தொண்டை உறுமலைத் தடுக்காது. அதை ஜெயிக்க நாம் சத்தத்தை ஏற்றுகிறோம். அதுவும் தெரியாமலே ஏற்றுகிறோம். பஸ்ஸில் 12-இல் வைத்துவிட்டு, இறங்கி அமைதியான தெருவுக்குள் வந்து கேளுங்கள், தூக்கிவாரிப் போடும்!

6. இதில் என்ன ஆபத்து?

டெசிபல் கணக்கு சாதாரணக் கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் ஒரு அளவு கொடுத்தன. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியென்றால் 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி, 92-க்கு இரண்டரை மணி.

இப்போது அக்கா கணக்கைப் போடுவோம். தினமும் இரண்டரை மணி, வாரம் 6 நாள், மொத்தம் 15 மணி நேரம். அதாவது 84 டெசிபலுக்குள் கேட்டால்தான் பாதுகாப்பு. ஆனால் பஸ் சத்தமே ஏறக்குறைய அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டாமல் முடியாது. 89-க்குப் போய்விட்டால் இரண்டு நாளிலேயே ஒரு வாரப் பங்கு தீர்ந்துவிடும்.

தீர்ந்தால் என்ன? நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். ஒலி வந்தால் அவை அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். அதிகச் சத்தம் தொடர்ந்து அடித்தால் அவை செத்துப்போகும். கோழிக்குக்கூட அந்தச் செல்கள் திரும்ப முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது!

எங்கள் தாத்தா ஒரு இரும்புப் பட்டறையில் 28 வருஷம் சம்மட்டி பிடித்தவர். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லையாம். இப்போது அப்பா கூப்பிட்டால் திரும்புவார், தங்கச்சி கூப்பிட்டால் திரும்ப மாட்டார். 'காசு' என்றால் 'காதா?' என்பார். சத்தத்தால் கெடும் காதில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் போகும். ச, ஸ, ஷ மாதிரி எழுத்துகளின் கூர்மையும் குழந்தைகளின் கீச்சுக் குரலும் அந்தப் பக்கம் சேர்ந்தவை. தாத்தாவுக்கு அந்த ஹெட்போனை மாட்டி, அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கழற்றிவிட்டு, "பாட்டு நல்லாத்தான் கீது. இன்னா வார்த்த பாட்றாங்கன்னுதான் தெர்ல" என்றார்.

தாத்தா காது போனது சோறு சம்பாதிக்க. நம்ம காது எதுக்குப் போகணும்? சொல்லுங்கள். 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படிச் சத்தமாகக் கேட்பதால் காது கெடும் ஆபத்து இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அதில் நாமும் உண்டு.

இன்னொரு ஆபத்து உடனே வருவது. 12-ஆம் படியில் கேட்கிறவனுக்குப் பின்னால் வரும் லாரி ஹாரன் கேட்காது. ரோடு தாண்டும்போதும், தண்டவாளம் பக்கமும் ஹெட்போன் கழுத்தில்கூட வேண்டாம், பைக்குள் இருக்கட்டும்.

7. என் தீர்ப்பு

7-ஆம் நாள் அக்காவிடம் ரிப்போர்ட் கொடுத்தேன். "பொருள் நல்ல பொருள்தான். வீட்டுக்கு பாஸ், மெட்ரோவுக்கு சுமார், பஸ்ஸுக்கு ஃபெயில். இந்த விலையில் இந்த வகையில் வேற எது வாங்கினாலும் பஸ்ஸில் இதே கதைதான்." அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ பஸ்ல நான் என்னடா பண்றது?" என்றாள். "தூங்கு, இல்லன்னா புக்கு படி" என்றேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஆனால் ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது இரவு 9 முதல் 10 வரை 4-ஆம் படியில் பாடம் கேட்கிறாள். தங்கச்சி தூக்கமும் கெடவில்லை.

நீங்கள் வாங்கப் போகிறீர்களா? இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. கடைக்குள் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து கேளுங்கள்.
2. பாட்டை விடப் பேச்சை வைத்துச் சோதியுங்கள். வார்த்தை புரிய எந்தப் படி தேவை என்று பாருங்கள். படி எவ்வளவு குறைவோ, ஹெட்போன் அவ்வளவு நல்லது.
3. கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் கத்திப் பேச வேண்டிய இடமா? அந்த இடம் 85 டெசிபலைத் தொட்டிருக்கலாம். அங்கே ஹெட்போன் வேண்டாம்.
4. 10 நிமிடமாவது போட்டுப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு.
5. ஈ.என்.சி.யை ஏ.என்.சி. என்று நினைத்து அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.
6. பில், பி.ஐ.எஸ். எண், திருப்பிக் கொடுக்கும் நாள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.
7. கழற்றிய பிறகு காதில் 'கொய்ங்' என்று சத்தம் வந்தால் அது எச்சரிக்கை மணி. மறுநாளும் போகவில்லை என்றால் வீட்டில் சொல்லுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

"எந்த ஹெட்செட் வாங்கலாம்?" என்று இனிமேல் யாராவது கேட்டால், "எங்க உக்காந்து கேப்ப?" என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

என்னிடம் அந்த 20 சொல் பட்டியல் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் உணவு இடைவேளையில் வந்து எழுதிக்கொள்ளலாம்.



— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்